கண்டக்டர் பொம்மையின் அடியில் என் கட்டைவிரல்

1

நான் இத்தாலிக்கு வந்து ஆறு வருஷம் முடிந்த அன்றைக்குப் பார்த்து, போலீஸ் ஆபீஸில் இருக்கிற ஒரு மிஷின் எனக்குக் கைரேகையே இல்லை என்று சொல்லிவிட்டது. விரல் பத்தும் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். ரேகையைத்தான் காணோம். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் முழுசாக விடவில்லை. அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் வேறெங்காவது போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நேராகப் பேசிப் பழகியதில்லை.

கம்பைநல்லூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஆரோக்கியமேரி என்றால் தெரியாது. மாட்டுக்கொம்புக்குப் பெயின்ட் அடிக்கிற மேரி என்றால் தெரியும். எனக்கு எழுதப் படிக்க வராது. போனில் பேசி அனுப்புகிறேன், ஊரில் ஞானம் டீச்சர் அதை அச்சுக்கு ஏற்றபடி எழுதுகிறார். டீச்சர், நான் யாரையாவது திட்டினால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இங்கே என் மகள் ரோசி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் லாரி ஓட்டுகிறார், போனால் பத்து நாள். பேத்தி லீனாவுக்குப் பதினைந்து வயசு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு ரோசி என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் பனிமலை. நம் ஊர்ப் பக்கத்து வத்தல்மலை மாதிரி இருக்கிறதென்று முதல் நாள் சொன்னேன், ரோசி சிரித்தாள். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். மலை மலைதானே.

நான் இங்கே இருப்பதற்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது பத்து விரலையும் மிஷினில் வைக்கவேண்டும். ரேகை விழவில்லையென்றால் அட்டை இல்லை. அட்டை இல்லையென்றால் நான் இங்கே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

2

ரேகை எங்கே போயிற்று என்பதைச் சொல்ல பொம்மையிலிருந்து வரவேண்டும்.

நம் ஊர்க் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடித்தது நான்தான். மார்கழியில் மேய்ப்பன் மூக்கு உடைந்திருக்கும், ஒட்டகத்துக்குக் காது இருக்காது. சுண்ணாம்பைக் குழைத்து மூக்கு வைப்பேன். பொங்கலுக்கு மாட்டுக்கொம்புக்கு வாங்கிய பெயின்ட் போன வருஷத்து மிச்சம் இருக்கும், அதுதான் ராஜாக்களுக்குச் சட்டை. ஒரு வருஷம் மூன்று ராஜாவும் ஒரே நீலம். சாமியார் கேட்டார், "என்னாம்மா, மூணு பேரும் ஒரே கடையில துணி எடுத்தாங்களா?" நான் சொன்னேன், "தூரத்துல இருந்து வர்றாங்க சாமி, கூட்டத்துல பிரிஞ்சிடக்கூடாதுன்னு எடுத்திருப்பாங்க."

இங்கே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் பழைய சாமான் சந்தை. அதில் ப்ரூனோ என்று ஒரு கிழவர் கடை போடுவார். அவரிடம் ஓர் அட்டைப்பெட்டி நிறைய பிளாஸ்டிக் ஆட்கள். வாள் வைத்திருக்கிற பயில்வான், இயந்திர மனுஷன், விண்வெளிக்குப் போகிற சிப்பாய். நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் இந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாடியவை. கை மடங்கும், கால் மடங்கும், இடுப்பு திரும்பும். ஒருவனுக்குக் கை இல்லை, ஒருவனுக்கு முகத்துப் பெயின்ட் பூராவும் போய் முட்டை மாதிரி இருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு நம் மேய்ப்பன் ஞாபகம் வந்துவிட்டது. எடுத்துத் தடவிக்கொண்டே நின்றேன். ப்ரூனோ கையால் ஜாடை காட்டினார், கொண்டுபோ என்று.

அப்புறம் கேட்கவேண்டுமா? பழைய பெயின்டைத் தின்னரில் துணி நனைத்துத் துடைத்து எடுக்கவேண்டும். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டும், பிளாஸ்டிக் வழவழவென்று வரும்வரை. உப்புத்தாளை இடுக்குகளில் விட முடியாது, கட்டைவிரல் நுனியில் சின்னதாகச் சுற்றிக்கொண்டு தேய்ப்பேன். வெந்நீரில் போட்டால் பிளாஸ்டிக் இளகும், கை காலைக் கழற்றலாம். இல்லாத கைக்கு, குழாய் ஓட்டை அடைக்க இரண்டு உருண்டையாக விற்கிற பசை மண்ணை ஒன்றாகப் பிசைந்து கை செய்வேன், ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும். பிறகு வெள்ளை ஒரு கோட், அதற்கு மேல் நிறம். கடைசியில் கண்.

முட்டைமுகத்துக்காரன் விண்வெளிச் சிப்பாய். வலது கையைத் தூக்கித் துப்பாக்கி பிடித்திருந்தான், துப்பாக்கி தொலைந்து போயிருந்தது. தூக்கிய கையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு ஆள் தெரிந்தது. அரூரிலிருந்து சித்தேரி மலை ஏறுகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார், படியில் தொங்கிக்கொண்டு கையைத் தூக்கியே வருவார். அவரைத்தான் செய்தேன். காக்கிச் சட்டை, மீசை, வாயில் விசில். தோளில் தகரத்தை வெட்டி மடித்து ஒரு பை. பைக்குள் கடுகு நாலு போட்டு மூடினேன், ஆட்டினால் சில்லறை மாதிரி கலகலக்கும். ப்ரூனோவுக்கு எங்கே புரியப் போகிறது என்று நினைத்தேன். மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அவர்தான் சொன்னார், செய்தவர் அடியில் கையெழுத்துப் போடவேண்டும் என்று. எனக்கு ஏது கையெழுத்து? பொம்மை நிற்க வட்டமாக ஒரு மரத்துண்டு ஒட்டுவேன். அதன் அடியில் சிவப்புப் பெயின்டைத் தொட்டு இடது கட்டைவிரலை அழுத்திவிட்டேன். பத்திரத்தில் வைக்கிற மாதிரியே. அதற்குப் பிறகு எல்லாப் பொம்மைக்கும் அப்படித்தான்.

லீனா இதையெல்லாம் திரும்பிப் பார்க்கமாட்டாள். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு போவாள். நான் தமிழில் கேட்டால் அவள் இந்த ஊர்ப் பாஷையில் பதில் சொல்வாள். "என் பிரண்ட்ஸ் வந்தா அத உள்ள வெச்சிடு ஆயா" என்று ஒருநாள் சொன்னாள். முழுத் தமிழில் ஒரு வரி சொன்னாளே என்று சந்தோஷப்பட்டு, என்ன சொன்னாள் என்பதை மறந்துவிட்டேன்.

3

இப்போது நான் செய்த தப்பு.

அவர் போன பிறகு நிலத்தைப் பாகம் பிரிக்க அரூர்ப் பத்திர ஆபீஸுக்குப் போனேன். மாட்டுப்பொங்கலுக்கு மறு வாரம். கட்டைவிரல் நகக்கண்ணிலும் ரேகையிலும் நீலப் பெயின்ட் அப்படியே இருந்தது. மையில் தொட்டு வைத்தால் திட்டாக விழுந்தது. பத்திரம் எழுதுகிறவர் எல்லார் முன்னாலும் கத்தினார். "ஏம்மா, இது கையா, கொம்பா? சுத்தமா கழுவிகிட்டு நாளைக்கு வாங்க, போங்க." மறுநாள் மறுபடி பஸ் ஏறினேன். அந்த அவமானம் உடம்பில் தங்கிவிட்டது. எங்கே கைநாட்டு வைக்கப் போனாலும் முந்தின நாளே தோல் எரிகிறவரை விரலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போவேன்.

நான் நொட்டாங்கைக்காரி. தின்னர் துணியும் இடது கையில், உப்புத்தாளும் இடது கட்டைவிரலில். அட்டை புதுப்பிக்கப் போவதற்கு முந்தின நாள் அந்த விரலில் சிவப்புக் கறை. போலீஸ் ஆபீஸ் ஆச்சே என்று தின்னர் போட்டுத் துடைத்தேன். போகவில்லை. உப்புத்தாள் போட்டேன். பிறகு பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். மற்ற விரல்களுக்கும் அதே உபசாரம். கடைசியில் விரல் புளியங்கொட்டை மாதிரி பளபளவென்று இருந்தது. எனக்குப் பெருமை.

ரோசிக்கு அன்றைக்கு டூட்டி. லீனாதான் பேசுவதற்குக் கூட வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரம்மா, தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். மிஷினில் வைத்தேன். சிவப்பு லைட். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். சிவப்பு. அவளே என் விரலைப் பிடித்து அழுத்தினாள். சிவப்பு.

போன வருஷம் ஊருக்கு வந்தபோது கம்பைநல்லூரில் சிம் வாங்குகிற கடையிலும் இப்படித்தான் ஆயிற்று. "ஆயா, உங்க ரேகைய எங்கயோ வெச்சிட்டு வந்துட்டீங்க" என்று கடைக்காரர் சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "தலையில தேச்சி வைங்க, எண்ணெப் பசைக்கு விழும்." தேய்த்து வைத்தேன், விழுந்தது. எல்லாரும் சிரித்தோம். அதுதான் முதல் மணி என்று அப்போது தெரியவில்லை.

அந்த ஞாபகத்தில் இங்கேயும் விரலைத் தலையில் நன்றாகத் தேய்த்து மிஷினில் வைத்தேன். தேங்காய் எண்ணெய் கண்ணாடி பூராவும் இழுகிவிட்டது. போலீஸ்காரம்மா ஒரு சத்தம் போட்டாள். லீனா என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆயா, வேணாம். எல்லாரும் பாக்கறாங்க." முகம் சிவந்திருந்தது.

போலீஸ்காரம்மா ஏதோ கேட்டாள். "நீ கையில என்னா வேல செய்யறன்னு கேக்கறாங்க" என்றாள் லீனா. எனக்கு உயிர் போயிற்று. இந்த அட்டையில் வேலை செய்தால் தப்போ என்னமோ, யார் கண்டார்கள்? "சமையல்னு சொல்லு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே சொன்னாள். ஐந்து வாரம் கழித்து ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்கள்.

"அன்னிக்கும் விழலன்னா?" என்று கேட்டேன்.

லீனா கேட்டாள். போலீஸ்காரம்மா கொஞ்ச நேரம் பதில் சொன்னாள். லீனா எனக்கு எதையும் திருப்பிச் சொல்லவில்லை. பஸ்ஸில் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

4

சாயங்காலம் ரோசி வந்து விஷயம் கேட்டாள்.

"கைய காட்டும்மா."

காட்டினேன். நர்ஸ் இல்லையா, லைட்டுக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலில் இருந்த பொம்மைகளை எல்லாம் எடுத்து மேசையில் கவிழ்த்து வரிசையாக வைத்தாள். எட்டுப் பொம்மை, எட்டுக் கட்டைவிரல்.

கண்டக்டர் அடியில் இருந்த ரேகை உழுத நிலம் மாதிரி. ஒவ்வொரு சாலும் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே. நாலாவதில் நடுவில் வழுக்கை. ஆறாவதில் ஓரத்தில் மட்டும் நாலு கோடு. போன மாசம் முடித்த பயில்வான் அடியில் வெறும் சிவப்புப் பொட்டு, குங்குமம் அப்பின மாதிரி.

"பாத்தியா? உன்ன நீயே துடைச்சி எடுத்திருக்க" என்றாள் ரோசி. "தின்னரு கையில படக்கூடாதுன்னு எத்தினி தடவ சொன்னன்? கையுறை வாங்கிக் குடுத்தனா இல்லியா?"

"அத போட்டா மூக்கு எங்க இருக்குதுன்னு தெரிய மாட்டேங்குதுடி."

"இப்ப உன் அட்டை எங்க இருக்குதுன்னு தெரியுதா?"

லீனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் போய்விடுவாள் என்று நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

தோல் மறுபடி வளர்ந்தால் ரேகையும் வரும் என்றாள் ரோசி, ஒரு மாசமாவது ஆகும், வயசானவர்களுக்குச் சொல்ல முடியாது என்றாள். தின்னர் பாட்டிலையும் உப்புத்தாளையும் அவள் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பாத்திரம் தேய்ப்பதும் நிறுத்தம்.

5

ஐந்து வாரம். கை சும்மா இருந்தால் மனசு என்ன பாடு படுத்துகிறது தெரியுமா?

ப்ரூனோ கடைக்கு வருகிற தாடிக்காரர் ஒருவர் சின்ன வயசில் வைத்திருந்த இயந்திர மனுஷனைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார், அவர் அப்பா வாங்கிக் கொடுத்ததாம். தலை தனியாக, உடம்பு தனியாக ஜன்னலில் கிடந்தது. அதைப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. கீழே வாசல் மணி அடித்தால் போலீஸ் என்று தோன்றும். தபால்காரர் நீலக் கவர் போட்டால் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு ஓர் எழுத்து தெரியாது, எல்லாக் கவரும் ஒன்றுதான். ரோசி வந்து பார்த்து, "கரண்டு பில்லும்மா" என்பாள். அதுவரை வாயில் செபமாலைதான்.

தங்கச்சி சவரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வந்துடேன் அக்கா. வூடு பூட்டியே கெடக்குது, எலிதான் ராஜாங்கம் பண்ணுது."

"அனுப்பிட்டாங்கன்னா வந்துதான ஆகணும்."

"உன்ன யாரு அனுப்பறாங்க? நீ ரெண்டு நாளு பேசுனா அவங்களே நாட்ட உட்டு ஓடிடுவாங்க."

சிரித்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது.

"என்னாக்கா, ஊருக்கு வரதுக்கா அழுவுற?"

இல்லை. ஊருக்கு வர எனக்கு என்ன பயம்? நான் பிறந்த மண், அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது. பயம் லீனாதான். ரோசி டூட்டி முடிந்து வந்தால் தூங்கத்தான் நேரம். அந்தப் பிள்ளையின் வாயில் இன்னும் கொஞ்சம் தமிழ் இருக்கிறதென்றால், நான் களி கிண்டும்போது "இன்னும் வேணுமா, போதுமா" என்று கேட்டுக் கேட்டு ஒட்டவைத்ததுதான். நான் போய்விட்டால் ஒரு வருஷத்தில் அதுவும் போய்விடும். அப்புறம் போனில் "ஆயா, நல்லா இருக்கியா" என்பாள், நான் "நல்லா இருக்கறன்" என்பேன், அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச வார்த்தை இருக்காது. அவள் மூச்சு மட்டும் கேட்கும். அதைத்தான் நினைத்து நினைத்துப் பயந்தேன்.

இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. பொம்மைகளை மேசையில் கவிழ்த்த மறுநாள், ஜன்னலில் எடுத்து வைக்கும்போது எண்ணினேன். ஏழு. கண்டக்டரைக் காணோம். கட்டிலடியில் தேடினேன், குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்த்தேன். ரோசி கோபத்தில் தூக்கி எறிந்துவிட்டாளோ என்று கேட்கவும் பயம். என்னிடம் முழுசாக இருந்த கட்டைவிரல் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நானே ஏதேதோ அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

தினமும் காலையில் சப்பாத்தி மாவைப் பிசைந்து ஒரு உருண்டையில் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பேன். முதல் வாரம் வெறும் பள்ளம். இரண்டாவது வாரமும் பள்ளம். மூன்றாவது வாரம் கண் ஏமாற்றியது, மாவில் சுருக்கம். நாலாவது வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஓரத்தில் தலைமுடி மாதிரி மூன்று கோடு. அந்த உருண்டையைச் சப்பாத்தியாகத் தேய்க்க மனசு வரவில்லை. தட்டில் வைத்து ரோசிக்குக் காட்டினேன்.

"வருதும்மா" என்றாள். "நடுவுலதான் இன்னும் வரல."

6

எழுதிக் கொடுத்த தேதி வந்தது. அன்றைக்கும் ரோசிக்கு லீவு கிடைக்கவில்லை. மறுபடி நானும் லீனாவும். இந்தத் தடவை நான் விரலைக் கழுவவே இல்லை. தலைக்கு எண்ணெயும் வைக்கவில்லை.

அதே போலீஸ்காரம்மா. வலது கை ஐந்தும் பச்சை லைட். இடது கையில் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி, நாலும் பச்சை. மாதாவே என்று கட்டைவிரலை வைத்தேன்.

சிவப்பு.

மறுபடி. சிவப்பு.

எத்தனை பத்திரத்துக்கும் பேங்குக்கும் கோயிலில் கல்யாணம் பதிகிற ஓலைப் புத்தகத்துக்கும் வைத்த விரல் அது. கல்யாண ஓலையில் அவர் கையெழுத்துப் போட்டார், பக்கத்தில் நான் வைத்தது அந்த விரலைத்தான். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பக்கத்தில் ஜிப் திறக்கிற சத்தம். லீனா ஸ்கூல் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தாள். அவள் காலுறை அது. அதற்குள்ளிருந்து கண்டக்டர் வந்தார். கையைத் தூக்கிக்கொண்டு, விசிலோடு. அவரைச் சாய்த்து, அடிப்பக்கம் போலீஸ்காரம்மாவுக்குத் தெரிகிற மாதிரி தடுப்புக் கண்ணாடியில் அழுத்தி வைத்துக்கொண்டு கடகடவென்று பேச ஆரம்பித்தாள். எனக்குப் புரிந்தது "நொன்னா" என்கிற ஒரு வார்த்தைதான். இந்த ஊரில் ஆயாவுக்கு அதுதான் பேர். அதை நாலைந்து தடவை சொன்னாள்.

"என்னாடி சொல்ற?"

"இதுதான் எங்க ஆயா வெரலுன்னு சொன்னேன். மிஷினுதான் தப்புன்னு சொன்னேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பெயின்ட் பண்றதும் சொல்லிட்டேன். சமையல்னு பொய் சொன்னோம் இல்ல, அதுவும் சொல்லிட்டேன்."

முடிந்தது என்று நினைத்தேன். போலீஸ்காரம்மா பொம்மையை வாங்கினாள். அடியைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள், கடுகு கலகலத்தது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்கு எதிரிலேயே என்னைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை, அதைவிடப் பயம் உலகத்தில் இல்லை.

"என்னா சொல்றாங்க?"

"பொம்ம ரேகை கணக்குல சேராதாம்." லீனா உதட்டைக் கடித்தாள். "சும்மா பெயின்ட் பண்ணா தப்பில்லியாம். உள்ள வரச் சொல்றாங்க."

கண்ணாடிக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டாள் அந்த அம்மா. சுவரோரம் வெந்நீர் ஓடுகிற இரும்பு அடுக்கு இருக்கிறதே, குளிருக்கு அறையைச் சூடாக்க, அதன்மேல் என் கையை வைக்கச் சொன்னாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டு வேலையைப் பார்த்தாள். அதற்கு அடுத்த ஆளையும் பார்த்தாள். நான் கையைச் சூடு காட்டிக்கொண்டே நின்றேன், களி கிண்டிவிட்டு நிற்கிற மாதிரி. லீனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்டக்டரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை பேர் பார்க்கிறார்கள், அவள் வெட்கப்பட்ட மாதிரி தெரியவில்லை.

பிறகு அந்த அம்மா வந்து என் கட்டைவிரலைத் தன் கையால் பிடித்து, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாக உருட்டினாள். பச்சைக் குழந்தைக்கு மருந்து தடவுகிற மாதிரி.

பச்சை.

நான் அவள் கையை விடவே இல்லை. அவள்தான் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

7

இப்போது ரப்பர் கையுறை போட்டுத்தான் தின்னரைத் தொடுகிறேன். மூக்கு எங்கே இருக்கிறதென்று தெரிய நேரமாகிறது, ஆகட்டும். உப்புத்தாளை விரலில் சுற்றுவதில்லை, ஐஸ் குச்சியில் ஒட்டிக்கொள்கிறேன். தாடிக்காரரின் இயந்திர மனுஷனுக்குத் தலை வைத்தாயிற்று. அடியில் மட்டும் விரல் வைக்க இன்னும் தைரியம் வரவில்லை. கோடு விழவில்லையென்றால் என்ன செய்வது என்று நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது லீனாவிடம் கேட்டேன்.

"அத குடுடி, ஜன்னல்ல வெக்கணும்."

"குடுக்க மாட்டேன்."

"எத்தினி நாளா பையில வெச்சிருக்க?"

"அம்மா எல்லாத்தயும் கவுத்து வெச்சாங்க இல்ல, அன்னில இருந்து."

"காரியம்தான் முடிஞ்சிடிச்சே. இனிமே எதுக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரெண்டு வருஷம் கழிச்சி மறுபடி வரணும் இல்ல?"

எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் கண்டக்டர் இப்போது தினமும் பள்ளிக்கூடம் போகிறார். காலையில் லீனா படியிறங்கும்போது பைக்குள் கடுகு கலகலவென்கிறது. மூன்று மாடியும் இறங்கி அந்தச் சத்தம் தெருவுக்குப் போகிறவரை நான் கதவைச் சாத்துவதில்லை.